கிணறு இருந்த இடம்

பூங்காவில் குழந்தைகள் விளையாடினால் பத்மாவதிக்குப் பொறுக்காது. ஊஞ்சல் கிறீச்சிடுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவாள். அங்கே குதிக்காதீர்கள், ரோட்டில் போய் விளையாடுங்கள் என்பாள். ரோட்டில் ஆடும் பிள்ளைகளைப் பூங்காவுக்கு விரட்டுகிற பெரியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம், இவள் தலைகீழ். ராமுலு கார்டன்ஸில் குடியிருப்பவர்கள் இதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தோட்டத்தை வீட்டு மனைகளாக சைட் போட்டு விற்ற பிறகும் அந்தம்மாவுக்கு மண் இன்னும் தன்னுடையது என்று நினைப்பு, மனசு ஆறவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

காரணம் அது இல்லை. பூங்காவுக்கு அடியில் கிணறு இருக்கிறது என்று பத்மாவதி நம்பிக்கொண்டிருந்தாள்.

கிணறு என்றால் ராட்டினமும் கயிறும் தொங்குகிற வட்டக் கிணற்றை நினைத்துவிடக் கூடாது. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு சதுரமாக, ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே இறக்கிவிடலாம் என்கிற அளவுக்கு அகலமாக இருக்கும். பாறையை வெட்டிக்கொண்டே போன ஆழம். பத்மாவதியின் கணவர் ராமுலுவின் தாத்தா காலத்தில் தோண்டியது. பருத்திக்கும் சோளத்துக்கும் இறைத்து, அப்புறம் வாழைக்கும் தென்னைக்கும் இறைத்து, தண்ணீர் கீழே போகப்போக இவர்களும் விடாமல் பின்னாலேயே வெட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் தண்ணீர்தான் ஜெயித்தது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற வெறும் பள்ளம் மிஞ்சியது.

அதே சமயத்தில் சத்தி ரோட்டில் நகரம் வந்துகொண்டிருந்தது. நகரம் வருகிற விதமே தனி. முதலில் புரோக்கர் வருவான், வெள்ளைச் சட்டையும் வாய் நிறையச் சிரிப்புமாக. அவன் பின்னால் கல் நடுகிறவன், அப்புறம் தார் ரோடு, அப்புறம் லைட் கம்பம். குடிதண்ணீர் மட்டும் எல்லோரும் குடிவந்து சலித்த பிறகு மெதுவாக வந்து சேரும். பீளமேட்டில் மில்களை இடித்த இடத்தில் ஆபீஸ்கள் எழும்ப, சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க, அங்கே வேலை பார்க்கிறவர்கள் படுத்து எழுந்திருக்க இடம் வேண்டியிருந்தது. சோளக்காடுகள் எல்லாம் நகர், கார்டன், அவென்யூ என்று பெயர் மாற்றிக்கொண்டன. மரம் இருந்த வரைக்கும் தோட்டம் என்றார்கள், மரத்தை வெட்டியதும் கார்டன் என்றார்கள்.

ராமுலு நெடுநாள் பிடிவாதமாக இருந்தார். தென்னைகள் வரிசையாகக் காய்ந்து மொட்டையாக நின்றபோது மகன் கிஷன் விற்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ராமுலு சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். கிணற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். தன் கண் முன்னால் அதை மூடக் கூடாது என்றார். தண்ணீர் கொடுத்த கிணற்றை மூடும்போது அந்த வீட்டு ஆட்கள் அங்கே நிற்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் பயந்து நடந்துகொள்கிற விஷயம். அதனால் எல்லோருமாகத் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் அங்கே வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், பீளமேட்டில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய மில்லின் இடிபாடுகள் லாரி லாரியாக வந்து கிணற்றுக்குள் விழுந்தன. பாவத்துக்குச் சாட்சி இருக்கக் கூடாது என்று குடும்பமே ஒதுங்கிக்கொண்டது. வேலைக்கும் சாட்சி இல்லாமல் போயிற்று.

திரும்பி வந்தபோது எல்லாம் சமதளம். மோட்டார் ரூம் இல்லை, தொட்டி இல்லை, வேப்பமரம் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நடந்த மண்ணில், எது எங்கே இருந்தது என்று தெரியாமல் பத்மாவதி நின்றாள். கிணறு எங்கே என்று கேட்டதற்கு, பூங்காவுக்கு விட்ட இடத்தில் என்று கிஷன் கையைக் காட்டினான். ராமுலு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். நுழைவாயில் வளைவில் அவர் பெயர் நின்றது.

அன்றிலிருந்து பத்மாவதிக்குப் பூங்கா காவல். மழைக்காலத்தில் பயம் இரட்டிப்பாகும். இந்த வருஷம் இன்னும் மோசம். பக்கத்துக் குளத்துக்குப் பைப் வழியாக ஆற்றுத் தண்ணீர் வந்து நிறைந்திருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் ஏறுகிறது என்று ஊரே சந்தோஷப்பட்டது. பத்மாவதி மட்டும் சந்தோஷப்படவில்லை. மற்ற கிணறுகளுக்கு வருகிற தண்ணீர் தன் கிணற்றுக்கு மட்டும் வராமலா இருக்கும்? அந்தக் கல்லும் மண்ணும் நனைந்தால் இளகாதா? ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளை ஊஞ்சலோடு உள்ளே போகிற மாதிரி நினைப்பு வந்து, சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டுப் பூங்காவை எட்டிப் பார்க்க எழுந்துபோவாள்.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டு இஸ்மத் முன்வாசலில் பள்ளம் தோண்ட ஆள் விட்டாள்.

இஸ்மத்தும் அவள் கணவர் பஷீரும் நகரத்துக்குள் இருக்கும் உக்கடத்திலிருந்து வந்தவர்கள். பஷீருக்கு அங்கே மெத்தைக் கடை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் வந்த பங்கையும் நகைகளையும் பேங்க் கடனையும் சேர்த்துப் போட்டு இந்த சைட்டை வாங்கி வீடு கட்டினார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் தன் வீட்டு அலமாரி அதிரும் சந்தில் வாழ்ந்த இஸ்மத்துக்கு இந்த ஊரின் அமைதி முதலில் பயமாக இருந்தது. குடிவந்த புதிதில் சும்மாவே கேட்டருகில் வந்து நிற்பாள். பத்மாவதிதான் முதலில் கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். அப்போதிலிருந்து பெருநாள் பிரியாணி இந்தப் பக்கமும், உகாதிப் பச்சடி அந்தப் பக்கமும் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

இப்போது மகள் ரம்ஷா முதல் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, தாய் வீட்டிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு முடியெடுத்து விருந்து. உக்கடத்துச் சொந்தங்கள் வேன் பிடித்து வருகிறார்கள். அவ்வளவு பேருக்கும் தண்ணீர் வேண்டுமே என்று பழைய தொட்டியை ஒட்டிப் பெரிதாக இன்னொரு தொட்டி கட்டத்தான் அந்தப் பள்ளம்.

முருங்கைக்கீரையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு பத்மாவதி போனபோது ஆட்கள் வேலையில் இருந்தார்கள். மேலே கொஞ்சம் செம்மண். அதற்குக் கீழே இருந்து வந்தது எதுவும் இந்த ஊர் மண் இல்லை. சுண்ணாம்புக் காரை ஒட்டிய செங்கல், நீலப் பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம், துருப்பிடித்த இரும்பு. இஸ்மத் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"தோண்டத் தோண்ட இதா வருதுங்கக்கா. முந்தி இங்க ஆருதோ பழைய ஊடு இருந்துருக்குமுங்களா?"

இந்தத் தோட்டத்தில் இந்த இடத்தில் எந்தக் காலத்திலும் வீடு இருந்ததில்லை. பத்மாவதி குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தாள். கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டை உருண்டு வந்தது. குனிந்து எடுத்தாள். நடுவில் ஓட்டை, ஒரு முனையில் பித்தளை வளையம், மட்கிய நூல் இரண்டு சுற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மில்லில் நூல் சுற்றுகிற பாபின்.

அதை அவள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பள்ளத்துக்குள் நின்ற ஆள், கடப்பாரையிலிருந்து கையை எடுத்தாலே தானாக இறங்குகிறது, உள்ளே ஏதோ காலியாகப் பொக்காக இருக்கிறது என்று மேலே பார்த்துச் சொன்னான். மழை ஈரம்தான் என்றான் கூட நின்றவன்.

இஸ்மத் குழந்தையைப் பார்க்க உள்ளே கூப்பிட்டாள். முன்னறையில்தான் ரம்ஷா குழந்தையோடு படுப்பது. கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று சொல்லி இஸ்மத் தோளால் தள்ளினாள். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு கீறல் சாய்வாக இறங்கியிருந்தது. போன மாதம் பத்மாவதி வந்தபோது இது முடி அளவுக்கு இருந்தது. இப்போது விரல் நகம் நுழையும். ரம்ஷா குழந்தையைத் தூக்கும்போது கட்டிலிலிருந்து கிலுகிலுப்பை கீழே விழுந்து, யாரும் தொடாமலே உருண்டு, வாசல் பக்கத்துச் சுவர் வரைக்கும் போய் நின்றது. எப்பப் போட்டாலும் அங்கேயேதான் ஓடுகிறது என்று ரம்ஷா சிரித்தாள். பத்மாவதி குழந்தையை வாங்கவில்லை. கை ஈரம் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தாள்.

கிஷன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் கிஷனுக்கு வாய் தானாகத் தமிழுக்கு மாறிவிடும். பத்மாவதி பாபினைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். முதலில் பழையபடி பூங்கா என்றான். இன்னொரு தரம் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தமிழில் ஆரம்பித்தபோதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அம்மா, பார்க் இருக்கற எடம் பூராப் பாறை. அங்க அஸ்திவாரத்துக்கே வெடி வெக்கோணும். அதை ஆரு வாங்குவா? அதனாலதான் அதைப் பார்க்குக்கு உட்டோம். கெணறு சைட்டுலதான் வந்துச்சு."

இத்தனை வருஷமும் இந்த லேஅவுட்டிலேயே பத்திரமான இடத்திலிருந்து பிள்ளைகளை அவள் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த சைட் என்று கேட்டாள். பஷீர் வீட்டின் முன்பாதியும் அதை ஒட்டிய காலி சைட்டும் என்றான். நன்றாக இடித்து, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டித்தான் மூடியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்றான்.

"நீ பாத்தியா?"

"நானும் உங்களோட திருப்பதிக் கியூவுலதானம்மா நின்னேன்."

கான்ட்ராக்டர் சொன்னதை அவன் நம்பியிருக்கிறான், அல்லது நம்புவது சௌகரியம் என்று விட்டிருக்கிறான். பத்மாவதி அந்தக் கீறலைச் சொன்னாள், கதவைச் சொன்னாள், கிலுகிலுப்பையைச் சொன்னாள். கிஷனுக்கு முகம் வெளுத்தது; அதை அவள் பார்த்தாள். தன் மகன் ஈரமில்லாதவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னதெல்லாம் வேறு. பின்பக்கத்து நிலத்தில் இரண்டாவது லேஅவுட் ஆரம்பிக்கிற நேரம். ஒரு வீட்டுக்கு அடியில் கிணறு என்று வெளியே தெரிந்தால் எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது என்று கிளம்புவார்கள், அப்பா பெயர்தான் வளைவில் நிற்கிறது, ரோட்டில் நடமாட முடியாது என்றான். மழை முடியட்டும், இன்ஜினியரைக் கூட்டி வந்து காதும் காதும் வைத்த மாதிரி ஏதாவது செய்கிறேன் என்றான்.

மழை முடிகிற வரைக்கும் என்று அவன் சொன்னதுதான் அவளை உலுக்கியது. மழை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அடுத்த இரண்டு நாளும் அவள் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். எதிர்வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடினாள். சாமி அறையில் வெங்கடாசலபதி படத்துக்கு முன்னால் நின்றால், வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. அவர் சன்னதி வரிசையில் ஒளிந்துகொண்டுதானே இதைச் செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. பார்க்காமல் இருந்தால் பாவம் ஒட்டாது என்று நினைத்த தன் முட்டாள்தனத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொல்லிவிட்டால் மகன் தலை உருளும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த முன்னறையிலும் வாசல் பந்தலிலும் உக்கடத்துச் சனம் மொத்தமும் நிற்கும், நடுவில் அந்தக் குழந்தை.

சனிக்கிழமை காலையில் பந்தல் கம்பு ஏற்றிய வண்டி எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றது. பத்மாவதி செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைக் கடந்தாள்.

பஷீர் கடைக்குப் போயிருந்தார். பள்ளத்தில் வேலை நின்று, தண்ணீர் தேங்கியிருந்தது. ராத்திரி மழை இல்லை. மேலே இருந்து விழுந்த தண்ணீராகத் தெரியவில்லை. பத்மாவதி அதைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கமாகப் போனாள். இஸ்மத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்றாள். பத்மாவதி உட்காராமலே சொல்ல ஆரம்பித்தாள். கிணறு எவ்வளவு அகலம் என்பதிலிருந்து, திருப்பதி, மில் இடிபாடு, பூங்கா, பாறை, கிஷன் சொன்னது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

இஸ்மத் கேட்டு முடித்ததும் கத்தியைத் தட்டில் வைத்தாள். உள்ளே பார்த்துச் சாதாரணக் குரலில் கூப்பிட்டாள்.

"ரம்ஷா, பாப்பாவத் தூக்கிட்டுப் பின்னால ரூமுக்கு வந்துரு கண்ணு. இனி முன்னால படுக்க வேண்டாம். கொசு அதிகமா இருக்குது."

பிறகு போனை எடுத்துக் கணவரோடு பேசினாள். விருந்தை உக்கடத்தில் அக்கா வீட்டுப் பக்கத்து மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம், இங்கே தண்ணீர் போதாது, வந்தால் விவரமாகச் சொல்கிறேன் என்றாள். வெளியே போய்ப் பந்தல்காரர்களைத் திருப்பி அனுப்பினாள். அவர்களிடமும் தண்ணீர்ப் பிரச்சினை என்றுதான் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. திரும்பி வந்து, வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பத்மாவதிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பத்மாவதியும் உட்கார்ந்தாள்.

பத்மாவதிக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. குழந்தை பிழைத்தது. இனி இவள் திட்டட்டும், சண்டைக்கு வரட்டும், போலீசுக்கே போகட்டும். கிஷனிடம் பேசி எப்படியாவது இதற்கு ஈடு செய்யச் சொல்கிறேன் என்று இஸ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இஸ்மத் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வேற யாருக்கெல்லாம் இது தெரியும் என்று மட்டும் கேட்டாள். கிஷனுக்கும் தனக்கும்தான் என்றாள் பத்மாவதி.

"அப்ப அப்படியே இருக்கட்டுமுங்கக்கா. வெளிய ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

பத்மாவதிக்குப் புரியவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு இதற்குமேல் இந்த வீட்டில் இருக்கவா போகிறாய் என்று கேட்டாள்.

இல்லை என்றாள் இஸ்மத். ரம்ஷாவை இன்றைக்கே புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். மழை விட்டதும் கீறலைப் பூசி, பள்ளத்தை மூடி, முன்பக்கம் பெயிண்ட் அடித்து, அவர்களும் போய்விடுவார்கள். இந்த வீட்டைத் தவிர அவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. பேங்க் கடன் இன்னும் முக்கால்வாசி நிற்கிறது. உக்கடத்தில் திரும்பிப் போய்த் தலைவைக்க ஒரு மூலை கிடையாது. இதையெல்லாம் அவள் நிதானமாக, பந்தல்காரரிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்.

"ஊட்டை வித்துப்போடறமுங்க."

"கெணத்து மேல இருக்கற ஊட்டையா? ஆருக்கு விப்பீங்க அம்மணி?"

இஸ்மத் தரையில் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

"தெரியாதவிகளுக்குத்தானுங்கக்கா. நீங்க எங்களுக்கு வித்த மாதிரி."